டீ இனிக்கத்தான் செய்யும்

அண்ணன் மகள் பாளையங்கோட்டையில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். ராத்திரி டூட்டி முடித்த கையோடு லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்தமடையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் டீக்கடையில் உட்கார வைத்தேன். முகம் அப்படி வாடியிருந்தது. பாதி டீ உள்ளே போனதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“சித்தப்பா, நேத்து ராத்திரி வார்டுல ஒரு அம்மா இறந்துட்டாங்க. அவங்க மகன் என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு. எனக்கும் அழுகை வந்துட்டு. இப்போ இங்க உக்காந்து டீ குடிக்கேன், டீ இனிக்கு. வெயிலு இதமா இருக்கு. இப்படி இருக்கிறது தப்பு இல்லையா?”

தப்பு இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கு மட்டும் உள்ளது இல்லை. போனைத் திறந்தால் காசாவில் இடிந்து கிடக்கும் வீடுகள், உக்ரைனில் குண்டு விழுந்த தெரு. விரலைத் தள்ளினால் அடுத்ததாகச் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தை தத்தித் தத்தி நடக்கிற வீடியோ. சிரித்துவிடுகிறோம். சிரித்த பிறகு, நமக்கெல்லாம் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா என்று உள்ளுக்குள் குத்துகிறது. இந்தக் குத்தல் நல்ல மனசு உள்ளவர்களுக்குத்தான் வரும். அவர்களை நினைத்துத்தான், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அவசரம் இல்லை. இன்னொரு டீ சொல்லிக்கொள்ளலாம்.

இது ரொம்பப் பழைய கேள்வி. புறநானூற்றில் 194-ஆம் பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர் பாடியது. ஏழே அடி. ஒரு வீட்டில் சாவுப் பறை கேட்கிறது, இன்னொரு வீட்டில் கல்யாண மேளம். ஒருத்தி துணைவனோடு இருந்து பூ வைத்துக்கொள்கிறாள், இன்னொருத்தி பிரிவில் கண்ணீர் விடுகிறாள். இரண்டும் ஒரே ஊரில், ஒரே நேரத்தில் நடக்கிறது. இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவன் பண்பு கெட்டவன் என்று புலவர் கடவுளையே ஏசிவிடுகிறார். உலகம் கொடியதுதான் என்று ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பிறகுதான், இதன் சுபாவம் தெரிந்தவர்கள் இதிலே இனிமையைத் தேடிக் காணட்டும் என்று முடிக்கிறார்.

அந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். முதலில் பறைச் சத்தம், பிறகு கோபம், அதற்கும் பிறகுதான் ஆறுதல். பறைச் சத்தம் காதில் விழாத மாதிரி நடித்துவிட்டு நல்லதைப் பார் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் இத்தனை நூற்றாண்டு அந்தப் பாட்டு நின்றிருக்காது. துக்கப்படுகிறவர்களிடம் போய் முதல் பேச்சாகவே ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று ஆரம்பிக்கிறவர்கள் இந்தப் பாட்டை ஒரு தடவை படிக்க வேண்டும்.

சரி, சந்தோஷம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது? டீயை வைத்தே இதைச் சொல்லலாம். கடைக்குள் நுழையும்போது இஞ்சியும் கொதிக்கிற பாலும் சேர்ந்த வாசம் மூக்கில் ஏறுகிறது. பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அந்த வாசம் காணாமல் போய்விடும். பாய்லர் அப்படியே கொதிக்கிறது, இஞ்சியை அப்படியே தட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூக்கில் இருக்கும் நரம்புகள்தான் ஓய்ந்துவிட்டன. மாறாமல் இருக்கிற எதையும் நம் புலன்கள் நெடுநேரம் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டா. மாறுதல் வந்தால்தான் அவை விழிக்கும். முதல் மடக்கு டீயில் இருக்கிற ருசி கடைசி மடக்கில் குறைவதும் இதனால்தான். நாக்குக்கும் மூக்குக்கும் உள்ள இந்தக் குணம் மனசுக்கும் கொஞ்சம் உண்டு. புது வீடு, சம்பள உயர்வு, எதிர்பார்த்துக் காத்திருந்த வேலை, எல்லாம் கொஞ்ச நாளில் சாதாரணமாகிப் போகும்.

1978-இல் அமெரிக்காவில் பிலிப் பிரிக்மனும் இரண்டு சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லாட்டரியில் பெருந்தொகை விழுந்த 22 பேரையும், விபத்தில் கை கால் செயலிழந்த 29 பேரையும், இரண்டிலும் சேராத 22 பேரையும் சந்தித்துக் கேள்வி கேட்டார்கள். சின்ன ஆய்வுதான், ஆனாலும் அதில் வந்த ஒரு விஷயம் என்னை விட்டுப் போகவில்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு சாப்பிடுவது, ஒரு நல்ல ஜோக் கேட்பது, இந்த மாதிரி அன்றாடக் காரியங்களில் எவ்வளவு சந்தோஷம் கிடைக்கிறது என்று கேட்டபோது, லாட்டரி விழுந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே சொன்னார்கள். பெரிய மலையில் ஏறியவர்களுக்குச் சின்ன மேடுகள் கண்ணில் படவில்லை. விபத்தில் அடிபட்டவர்கள் சாதாரண ஆட்களைவிடக் குறைந்த சந்தோஷத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிற நாம் நினைக்கிற மாதிரி அடிமட்டத்தில் அவர்கள் இல்லை, அளவுகோலின் நடுப்புள்ளிக்கு மேலேயே இருந்தார்கள்.

சந்தோஷத்தை நிற்கவிடாத அதே குணம்தான் துக்கத்தையும் முழு உக்கிரத்தோடு நிற்கவிடுவதில்லை. இது எனக்குப் பெரிய ஆறுதலாகப் படுகிறது. டீயின் ருசி தேய்வதும் அழுகை ஒரு நாள் ஓய்வதும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு வேலைகள்.

இதற்கு உதாரணமாக எங்கள் ஊருக்கு மேற்கே ஒருவர் உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன் 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போனார். அப்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தார். உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போனது. 1981, ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த உலக ஊனமுற்றோர் ஆண்டு. அந்த வருஷம் ஆய்க்குடியில் ஒரு ஓலைக் கொட்டகையில் ஐந்து குழந்தைகளோடு ஒரு பள்ளிக்கூடத்தை அவர் ஆரம்பித்தார். தமக்கு வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சகாலின் நினைவாக அதற்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். தசைச் சிதைவு நோயுள்ள சங்கரராமன் என்ற ஆடிட்டர் பிறகு வந்து சேர்ந்துகொண்டார். அந்தக் கொட்டகை இன்றைக்குப் பெரிய மறுவாழ்வு வளாகமாக வளர்ந்திருக்கிறது. 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் மனசுக்குள் என்ன நடந்தது என்பதை நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் ஒரு குழந்தை முதல் தடவையாகக் காலில் காலிப்பர் என்ற தாங்கி போட்டு நாலு அடி எடுத்து வைக்கிற இடம் அது. அங்கே போய்ப் பார்த்தால் துக்கமும் சந்தோஷமும் ஒரே கூடத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இதைவிட நெருக்கமான ஒரு சங்கதி இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் வந்து சாகக் கிடந்த துணைவர்களை வீட்டில் வைத்துப் பராமரித்துக்கொண்டிருந்தவர்களை சூசன் ஃபோக்மன் என்ற உளவியல் அறிஞர் ஆராய்ந்தார். அந்த நோய்க்கு அப்போது சரியான மருந்து கிடையாது. மலம் அள்ளுவதும் புண்ணைத் துடைப்பதும், இன்னும் எத்தனை நாளோ என்று எண்ணிக்கொண்டிருப்பதும்தான் அவர்கள் பிழைப்பு. ஆய்வாளர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் அவர்களைச் சந்தித்து, உங்களுக்கு வந்த கஷ்டங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில், பராமரித்துக்கொண்டிருந்தவர்களே கேட்டுவிட்டார்கள்: கஷ்டத்தை மட்டும்தான் கேட்பீர்களா, நடந்த நல்லதைக் கேட்க மாட்டீர்களா? பிறகு அந்தக் கேள்வியையும் சேர்த்தார்கள். கேட்டபோது கிட்டத்தட்ட ஒருவர்கூட விடாமல் எல்லாரிடமும் சொல்ல ஏதாவது இருந்தது. அத்தனையும் சின்ன விஷயங்கள். பிரத்தியேகமாக ஒரு சாப்பாடு சமைத்தது, நண்பர்கள் வந்து போனது, இந்த மாதிரி.

1997-இல் ஃபோக்மன் இதை எழுதி வெளியிட்டார். அதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தச் சின்னச் சந்தோஷங்கள் வந்ததால் துக்கம் குறைந்துவிடவில்லை. மனச்சோர்வு மற்ற சனங்களைவிட அதிகமாகத்தான் இருந்தது. அதே ஆட்களிடம், அதே வாரங்களில், சந்தோஷமும் இருந்தது. இரண்டுக்கும் மனசில் தனித்தனி இடம் இருக்கிறது. ஒன்று வந்து உட்காருவதற்கு மற்றது எழுந்து போக வேண்டியதில்லை.

“அப்ப டீ இனிச்சதுனால நான் அந்த அம்மாவை மறந்துட்டேன்னு அர்த்தம் இல்ல” என்றாள். இல்லை. மறந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

துக்கம் மட்டும் ஏன் பெரிதாகத் தெரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூளை கெட்டதைப் பார்ப்பதற்கென்று பழகியது. வரப்பில் பாம்பைக் கவனிக்காமல் போனவன் செத்தான், பூவைக் கவனிக்காமல் போனவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பல தலைமுறையாக வந்த பழக்கம் அது. அதனால் கெட்ட செய்தி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், நல்லது வந்தால் நாமாகப் பிடித்து வைத்தால்தான் உண்டு. செய்தி விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாள் முழுக்கப் போனைப் பார்த்துவிட்டு உலகத்தில் துக்கம் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பினால், அது உலகத்தைப் பற்றிய முழு உண்மை ஆகாது.

நல்லதைப் பிடித்து வைப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் எங்கள் ஊர்த் தறியைத்தான் காட்டுவேன்.

பத்தமடைப் பாயை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அது ஆகிற விதத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம். தாமிரபரணிப் பாசனத்தில் வளர்கிற கோரையைப் பச்சையாக அறுத்து வருவார்கள். கிழிப்பதும், வெயிலில் காயப்போடுவதும், ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவதும், மறுபடி காயவைப்பதுமாகத் தறிக்கு வருவதற்கு முன்பே அதற்கு ஏகப்பட்ட வேலை இருக்கிறது. தண்ணீரில் ஊறிய கோரை மூன்று மடங்கு பருத்துவிடும். அந்த ஊறல்தான் பாய்க்கு மெதுமெதுப்பைக் கொடுக்கிறது. முரட்டுப் பாய்க்குக் கோரையை இரண்டாகக் கிழித்தால் போதும். பட்டுப் பாய் என்று சொல்கிற உசத்தி ரகத்துக்கு நூல் மாதிரி கிழிக்க வேண்டும். அந்தப் பாயைச் சுருட்ட வேண்டியதில்லை, துணி போல மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.

தறி தரையோடு தரையாக இருக்கும். முளை அடித்து, பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். பாவுக்கு மேலே குறுக்காகப் போட்ட பலகையில் உட்கார்ந்து நெய்ய வேண்டும். துளை போட்ட மர அச்சு நூல்களை மேலும் கீழுமாகப் பிரிக்கும். அந்த இடுக்கில் ஒற்றைக் கோரையைக் குச்சி நுனியில் பற்றி இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் செலுத்தி, அச்சை இழுத்து அடிக்க வேண்டும். பிறகு அடுத்த கோரை. உசத்தி ரகத்தில் ஒரு நாள் முழுக்க அடித்தாலும் சில விரற்கடைதான் ஏறும். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், அதிலும் பெண்கள்.

கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பேரை நெய்து கொடுப்பது இங்கே வழக்கம். எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் வந்து சொல்லி வைப்பார்கள். ஒரு வீட்டில் அப்படிப் பேர் நெய்துகொண்டிருந்த அக்காவின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் படுக்கையில். உள்ளே இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இருமல் அதிகமானால் எழுந்து போவார், வெந்நீர் கொடுத்துவிட்டு வந்து மறுபடி பலகையில் ஏறுவார். பெண்ணின் பேரில் கடைசி எழுத்து ‘லை’. அந்தச் சுழியை நேர்க்கோடாகக் கிடக்கிற கோரையில் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. சாயம் ஏற்றிய துண்டுக் கோரையை எந்த நூலில் ஆரம்பித்து எந்த நூலில் நிறுத்துவது என்று விரலால் எண்ணி எண்ணி விட்டார். ஒரு இடத்தில் தப்பிவிட்டது, இரண்டு கோரையை உருவி எடுத்தார். மறுபடி எண்ணினார். சுழி வளைந்து வந்து முடிந்தபோது அச்சை விட்டுவிட்டு, உள்ளங்கையால் அந்த எழுத்தை ஒரு தடவை தடவினார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. “வந்துட்டுல்லா” என்றார். என்னிடம் சொன்னாரா எழுத்திடம் சொன்னாரா தெரியாது. அவ்வளவுதான். உள்ளே இருமல். எழுந்து போனார்.

நான் சொல்ல வந்த சந்தோஷம் இதுதான். உள்ளங்கையால் தடவுகிற அந்த நேரம். சுழி சரியாக வந்ததும் உடனே அடுத்த கோரையை எடுத்திருந்தால் அது வந்த சுவடே தெரியாமல் போயிருக்கும். அவர் நிறுத்தினார், தொட்டார், பார்த்தார். இதற்குப் பணம் வேண்டாம், ஓய்வுநாள் வேண்டாம். ஆனால் தானாகவும் நடக்காது. வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி ஏற நரம்பு முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டால் அதில் ஒரு சின்னத் திருப்தி வருமா என்று அவளைக் கேட்டேன். “வரும் சித்தப்பா, ஆனா அதை யாரு கவனிச்சா” என்றாள். அதைக் கவனி என்றேன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். அந்த அக்காவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, ஏழைகள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று யாராவது எழுதினால் அதைவிட அநியாயம் கிடையாது. பலகையில் குந்தி நெய்து நெய்து இடுப்பு போய்விடும். பிளாஸ்டிக் பாயும் விசைத்தறிப் பாயும் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டன. கோரை விலை ஏறுகிறது. நாள்கணக்கில் உட்கார்ந்தவர் கைக்குக் கடைசியில் வருகிற கூலி, அந்த உழைப்புக்கு எந்த விதத்திலும் ஈடாகாது. எங்கள் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லதுதான். அது தறியில் உட்காருகிறவர் கைக்குப் பணமாக வந்து சேர வேண்டும். பிள்ளைகள் இந்த வேலைக்கு வர மாட்டேன் என்கிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

எல்லாம் தானாக ஆறிவிடாது என்றுதான் ஆராய்ச்சியும் சொல்கிறது. மனசு எல்லாவற்றுக்கும் பழகிவிடும் என்று பிரிக்மன் காலத்தில் நினைத்தார்கள். பிறகு ரிச்சர்ட் லூக்கஸ் என்பவரும் சகாக்களும் ஜெர்மனியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து விசாரித்த தகவல்களை எடுத்துப் பார்த்தார்கள். துணையை இழந்தவர்கள் ஓரளவு பழைய நிலைக்கு வரவே பல வருஷம் ஆகியிருந்தது. வேலை இழந்தவர்கள், மறுபடி வேலை கிடைத்த பிறகும், பழைய மனநிலைக்கு முழுசாகத் திரும்பவில்லை. எல்லாக் காயமும் டீயில் ஆறாது. கூலியால் ஆற வேண்டியது கூலியால்தான் ஆற வேண்டும், மருந்தால் ஆற வேண்டியது மருந்தால். இவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள், சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பார் என்று உபதேசம் செய்தால் அது ஏமாற்று.

டீயையே எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கு மேலே மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை, தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த சனங்கள். அவர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் அவர்களுக்காக ஊர்வலம் போனபோது கொக்கிரகுளத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. நாம் காலையில் குளிக்கிற ஆறு, நம் கோரை ஊறுகிற ஆறு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு டீ குடிக்க முடியுமா என்றால், தெரிந்துகொண்டுதான் குடிக்க வேண்டும் என்பது என் பதில். கொழுந்து பறித்தவர் கையை மறந்துவிட்டுக் குடித்தால் அது வெறும் ருசி. நினைத்துக்கொண்டு குடித்தால் அந்த டீயை மதிக்கிறோம் என்று அர்த்தம். டீயைக் கீழே கொட்டுவதால் அந்த 17 பேரில் ஒருவருக்கும் நியாயம் கிடைத்துவிடாது. அவர்களை நினைக்கவும் அவர்களுக்காகப் பேசவும் நமக்குத் தெம்பு வேண்டும்.

தெம்பு என்றதும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். 1887 செப்டம்பர் 8-இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1913-இல் கப்பலேறி மலேயா போய், ரப்பர் தோட்ட மருத்துவமனையில் டாக்டராகப் பத்து வருஷம் இருந்தார். அந்தக் காலத்துத் தோட்டங்களில் நம் சனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து மனசு மாறி 1923-இல் திரும்பினார், மறு வருஷம் ரிஷிகேசத்தில் சன்னியாசம் வாங்கினார். அவர்தான் சுவாமி சிவானந்தர். துறவி ஆனவர் துக்கத்தை விட்டு ஓடிவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. 1927-இல் லட்சுமண்ஜூலாவில் யாத்திரிகர்களுக்கும் சாதுக்களுக்கும் இலவச மருந்தகம் நடத்தினார். 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை ஆரம்பித்த பிறகும் வைத்திய சேவை நிற்கவில்லை. பாட்டும் பஜனையும் வேடிக்கைப் பேச்சும் அவரைச் சுற்றிக் குறைந்ததே இல்லை என்று அவரோடு இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு மருந்து கலக்குகிற கையும் தாளம் போடுகிற கையும் ஒரே கைதான். சிரிக்கத் தெரிந்திருந்ததால் 1963-இல் மறையும் வரை அவரால் சேவையில் நிற்க முடிந்தது என்பது என் எண்ணம். சிரிப்பை விட்டுவிட்டுச் சேவை செய்யப் போகிறவர்கள் சீக்கிரம் காய்ந்துபோகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

அதிகத் தொலைவு போக வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப் போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதில் சுமார் 800 பேர். சுற்றிலும் வெள்ளம், உள்ளே கைக்குழந்தைகளும் வயசானவர்களும். பக்கத்து ஊரான புதுக்குடி சனங்கள் தங்கள் வீட்டிலும் வெள்ளம் புகுந்த நேரத்தில், இருந்த அரிசி பருப்பைத் திரட்டிச் சமைத்து அந்தப் பயணிகளுக்குப் போட்டார்கள். பசியோடு கிடந்தவருக்கு அந்த முதல் கவளம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பரிமாறியவர்களுக்கும் அந்த நேரத்தில் ஒரு நிறைவு வந்திருக்கும். வெள்ளம் வடியவில்லை, வீடு காயவில்லை. ஆனாலும் அந்தக் கவளம் ருசித்தது. அதை அனுபவித்ததற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே அவளிடம் நான் சொன்னது இதுதான். வார்டில் அழுகை வந்தால் அழு. வெளியே வந்து டீ இனித்தால், இனிக்கிறது என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொண்டு குடி. இரண்டையும் ஒன்றோடொன்று கணக்குப் பார்க்காதே. போனை மட்டும் டீ முடிகிற வரைக்கும் பையிலேயே வை. ராத்திரி படுக்கும்போது, இன்றைக்குக் கையால் தொட்ட நல்லது ஒன்றை நினைத்துப் பார். ஒன்றும் இல்லாத நாளும் வரும். அன்றைக்கு வலிந்து தேடாதே, தூங்கு.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாய் வேண்டும் என்றால் பத்தமடைக்கு வந்து நெய்கிறவர் வீட்டிலேயே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். அதைவிட முக்கியமானது இன்னொன்று. நெடுநாள் படுக்கையில் இருப்பவரையோ அவரைப் பார்த்துக்கொள்கிறவரையோ விசாரிக்கப் போகும்போது நாம் எல்லாரும் வியாதியைப் பற்றியே கேட்டுவிட்டு, பழத்தை வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். டாக்டர் என்ன சொன்னார், ராத்திரி தூங்கினாரா, எவ்வளவு செலவாச்சு. அதையெல்லாம் கேளுங்கள், கேட்கத்தான் வேண்டும். கிளம்புவதற்கு முன்னால், இந்த வாரம் நல்லதாக ஏதாவது நடந்ததா என்றும் கேளுங்கள். அந்த வீட்டில் இதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். யோசித்துப் பதில் சொல்ல அவர்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.